கடைசி பாகம் கையில் இருக்கும்போது: வாசகர் கேள்வி பதில்

வேம்பயர், ஓநாய்மனிதன், சாபம் பெற்ற தேவதூதன் என்று ஓடும் இளையோர் அமானுஷ்யக் காதல் தொடர்களின் முடிவைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். உதாரணம் காட்டும் சில இடங்களில் கதையின் முடிவு வெளிப்படும். 'ட்வைலைட்' தொடரை இன்னும் முடிக்காதவர்கள் மூன்றாவது கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: நான்காம் பாகம் படித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஐந்தாவது, கடைசி பாகம் இப்போதுதான் கிடைத்தது. பாதிப் பெயர்கள் மறந்துவிட்டன. நான்கையும் மறுபடி படித்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். முதல் பாகத்தை மட்டும் முழுசாகப் படியுங்கள். யாரைக் கடித்தால் மாறுவார்கள், யாரைக் கடித்தால் சாவார்கள், ஓநாயாக மாறுபவனுக்கு மனித நினைவு எவ்வளவு நேரம் நிற்கும், சாபம் எதனால் தீரும்: அந்த உலகத்தின் விதிகள் எல்லாம் அங்கேதான் போடப்பட்டிருக்கும். கடைசி பாகம் அந்த விதிகளுக்குத்தான் கணக்குத் தீர்க்கிறது. இரண்டிலும் மூன்றிலும் யாராவது இறந்த அத்தியாயம், யாராவது சத்தியம் செய்த அத்தியாயம், இவை மட்டும் போதும். நான்காம் பாகத்தில் கடைசிக் கால்வாசி.

பாகத்துக்கு 400 பக்கம், மணிக்கு 40 பக்கம் படிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால் நான்கையும் முடிக்க 40 மணி நேரம். மேலே சொன்ன வழியில் 600 பக்கம்தான் வரும், 15 மணி நேரத்தில் முடியும்.

படிக்கும்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள். ரகசியம் யார் யாருக்குத் தெரியும்? யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்? இறந்தவர் யார், அவர் உடலைப் பார்த்தது யார்? உடலை யாரும் பார்க்காமல் 'இறந்த' பாத்திரம் கடைசி பாகத்தில் திரும்பி வர நிறைய வாய்ப்பு உண்டு. குறி, சாபம், ஆரூடம் எதுவானாலும் வார்த்தை மாறாமல் எழுதுங்கள். 'அவள் ரத்தம் சிந்துவாள்' என்று இருந்ததை 'அவள் சாவாள்' என்று நினைவில் வைத்துக்கொண்டு போனால், கடைசித் திருப்பம் நேர்மையாக வந்திருந்தாலும் ஏமாற்று வேலை என்றுதான் தோன்றும்.

ஞாபகப்படுத்திக்கொள்ள இணையத்தில் பாத்திரத்தின் பெயரைத் தேடாதீர்கள். ரசிகர்கள் எழுதும் தகவல் பக்கங்களில் முதல் பெட்டியிலேயே உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று போட்டிருப்பார்கள். சில சமயம் பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் தேடுபெட்டியே முடிவைச் சொல்லிவிடும்.

கேள்வி: நடுவில் 3.5 என்று எண் போட்ட குறுநாவல்கள், முன்கதைகள் எல்லாம் இருக்கின்றன. கடைசி பாகத்துக்கு முன்னால் படிப்பதா, பின்னாலா?

சந்தேகம் வந்தால் வெளியான வரிசையில் படியுங்கள். கதை நடக்கும் கால வரிசையில் படிப்பதுதான் ஒழுங்கு என்று பலர் நினைக்கிறார்கள். எழுதியவர் எந்த ரகசியத்தை எப்போது அவிழ்ப்பது என்று வெளியீட்டு வரிசையை மனதில் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்.

கசாண்ட்ரா கிளேரின் 'தி மார்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். ஆறு பாகங்கள், 2007 முதல் 2014 வரை. நடுவிலேயே, 2010 முதல் 2013 வரை, 19ஆம் நூற்றாண்டு லண்டனில் நடக்கும் முன்கதைத் தொடரின் மூன்று பாகங்களும் வந்துவிட்டன. ஆறாம் பாகத்தைத் திறப்பதற்கு முன் முன்கதையின் மூன்றாம் பாகமான 'கிளாக்வொர்க் பிரின்செஸ்'ஸை முடித்திருக்க வேண்டும். மாற்றிப் படித்தால் முன்கதையின் முடிவு முன்கூட்டியே தெரிந்துபோகும், ஆறாம் பாகத்தில் சில பாத்திரங்களின் கனமும் புரியாது.

லாரன் கேட்டின் 'ஃபாலன்' தொடரில் சிறுகதைத் தொகுப்பு ஒன்று 2012இல், மூன்றாம் பாகத்துக்கும் கடைசி பாகத்துக்கும் நடுவே வந்தது. அதை அந்த இடத்திலேயே படித்துவிடலாம்.

அதே சம்பவங்களை நாயகன் பார்வையில் திருப்பிச் சொல்லும் நூல்கள் வேறு வகை. 'ட்வைலைட்' எழுதிய ஸ்டெஃபனி மேயரின் 'மிட்நைட் சன்' 2020இல் வந்தது. 2005இல் வந்த 'ட்வைலைட்' முதல் நாவலின் கதைதான் அதில் நாயகன் எட்வர்ட் பார்வையில் வருகிறது. இப்படிப்பட்டவற்றைத் தொடர் முழுதும் முடித்த பிறகே எடுங்கள். அவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதுதான் முதல் நாவலின் உயிர்.

கேள்வி: இத்தனை பாகம் ஆசையாகப் படித்துவிட்டு, கடைசி பாகத்தில் சப்பென்று ஆகிவிடுகிறதே, ஏன்?

இந்த வகைக் கதையின் மையச் சிக்கல் ஒன்றுதான். ஒருவருக்கு வயதாகும், மற்றவருக்கு ஆகாது. இதை முடிக்க நான்கு வழிகள்தான் உண்டு. மனிதப் பிறவி மாறுவது, அமானுஷ்யப் பிறவி மனிதனாவது, இருவரும் பிரிவது, ஒருவர் அல்லது இருவரும் இறந்து கதை வேறு பிறவிக்குப் போவது. எந்த வழியானாலும் ஒரு விலை உண்டு. மாறினால் பெற்றோரை, பகல் வெளிச்சத்தை, பிள்ளை பெறுவதை இழக்க வேண்டும் என்று முதல் பாகத்தில் பயமுறுத்தியிருப்பார்கள். கடைசி பாகத்தில் அந்த விலையைக் கொடுக்காமலே எல்லாம் கிடைத்துவிட்டால் மனம் ஒப்பாது. சந்தோஷ முடிவே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. விலை தள்ளுபடியானதுதான் உறுத்துகிறது.

'ட்வைலைட்' தொடரின் நான்காவது, கடைசி பாகமான 'பிரேக்கிங் டான்' 2008இல் வந்தபோது வாசகர்கள் இரண்டாகப் பிரிந்ததை இப்படிப் பார்த்தால் புரியும். நாயகி பெல்லா வேம்பயராக மாறுகிறாள், குழந்தையும் பிறக்கிறது, அப்பாவோடு உறவும் அறுபடவில்லை. புதிதாக மாறியவர்களைப் படுத்தும் ரத்த வெறியும் அவளுக்கு எளிதாக அடங்கிவிடுகிறது. கடைசியில் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்று, பேசி, பெரிய போர் இல்லாமலே கலைகின்றன. 2012 திரைப்படத்தில் ஒரு முழுச் சண்டையை எதிர்காலத்தைப் பார்க்கும் சக்தியுள்ள ஆலிஸ் என்ற வேம்பயர் காட்டும் காட்சியாகச் சேர்த்தார்கள். நாவல் வாங்கத் தவறிய விலையைப் படம் சில நிமிடமாவது கண்ணில் காட்டியது என்பேன்.

இன்னொரு காரணம், குரல் மாறுவது. முந்தைய மூன்று பாகங்களும் கிட்டத்தட்ட முழுக்க பெல்லாவின் குரல். இதில் நடுப்பகுதி முழுதும் அவளைக் காதலிக்கும் ஓநாய்மனிதன் ஜேக்கப் பேசுகிறான். அவனைப் பிடிக்காதவர்களுக்கு அங்கே வேகம் செத்துவிடும். என் பார்வையில் அந்தத் தொடரிலேயே நன்றாக எழுதப்பட்ட பக்கங்களில் அவையும் சேரும். கர்ப்பத்தால் பெல்லாவின் உடல் நலிவதை வெளியிலிருந்து, கையாலாகாமல் பார்க்கும் ஒருவன் அந்த இடத்துக்குத் தேவைப்பட்டான்.

கேள்வி: கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டேன். கெடுத்துக்கொண்டேனா?

இல்லை. முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆனால் அது சிறுகதைகளை வைத்துச் செய்தது. ஐந்து பாகத் தொடருக்கு அப்படியே பொருத்த முடியாது. யார் யாரோடு சேர்கிறார்கள் என்று தெரிந்ததால் பெரிய நஷ்டமில்லை, எப்படிச் சேர்கிறார்கள் என்பது மீதமிருக்கிறது.

கேள்வி: முடித்து ஒரு வாரமாகிறது. வேறு எந்தப் புத்தகத்திலும் மனம் ஒட்டவில்லை. இது சரியாகுமா?

ஆகும். தொடர்ந்து 2000 பக்கம் ஒரே பெண்ணின் 'நான்' என்ற குரலைக் கேட்டிருக்கிறீர்கள். உடனே இன்னொரு வேம்பயர் தொடரை எடுப்பதுதான் இந்த நிலையில் எல்லோரும் செய்யும் தவறு. அதே சாயல், அதே குரல், ஆள் மட்டும் வேறு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பிட்டு, புதிய புத்தகத்தை 50ஆம் பக்கத்தில் மூடிவிடுவீர்கள். நல்ல தொடர் ஒன்று வீணாகிவிடும்.

200 பக்கத்துக்குள் முடியும் தனி நாவல் எடுங்கள், படர்க்கையில் சொல்லப்பட்டதாக, காதல் மையமில்லாததாக. துப்பறியும் கதை நன்றாக வேலை செய்யும். புதிருக்கு விடை தேடும் ஆர்வமே பக்கங்களை நகர்த்திவிடும். அதன் பிறகு, அதே உலகத்தில் வேறு நாயகியோடு வரும் கிளைத்தொடர் இருந்தால் அதற்குப் போகலாம். ரிச்செல் மீடின் 'வேம்பயர் அகாடமி' 2010இல் ஆறு பாகங்களோடு முடிந்தது. 2011இல் தொடங்கிய 'பிளட்லைன்ஸ்' அந்த உலகத்தையே வேறொரு பெண்ணின் கண்ணால் காட்டுகிறது.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் காரணம் புத்தகமாக மட்டும் இருக்காது. நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள்.

கேள்வி: மகளுக்குப் 13 வயது. முதல் பாகத்தை நானே வாங்கிக் கொடுத்தேன். கடைசி பாகத்தையும் அப்படியே கொடுக்கலாமா?

நீங்கள் ஒருமுறை புரட்டிவிட்டுக் கொடுங்கள். தொடரோடு சேர்ந்து நாயகிக்கும் வயது ஏறுகிறது. முதல் பாகத்தில் முத்தத்தோடு நின்றது கடைசியில் திருமணம், பிரசவம், ரத்தம் என்று போகலாம். அட்டை ஒரே மாதிரி இருப்பதால் உள்ளே மாறியது தெரியாது. தடுப்பதைவிட, அவள் படித்த பிறகு கேளுங்கள்: நாயகன் நாயகிக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து நிற்பதை இந்தக் கதை காதல் என்கிறதே, உனக்கு எப்படிப் படுகிறது? பிள்ளைகள் இதற்கு நல்ல பதில் வைத்திருப்பார்கள்.

கேள்வி: இணையத்தில் நானே ஒரு ஓநாய்க் காதல் தொடர் எழுதுகிறேன். கடைசி பாகத்தில் 30 அத்தியாயம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எழுதுவதற்கு முன் உங்கள் முதல் பாகத்தைப் படித்து, நீங்கள் போட்ட விதிகளைத் தனியே எழுதுங்கள். முடிவு அவற்றில் ஒன்றின் மேலாவது நிற்க வேண்டும். 20ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு புதிய சக்தி, புதிய மந்திரம், புதிய உறவுக்காரர் யாரையும் உள்ளே விடாதீர்கள். அங்கே முளைக்கும் சக்தியால் நாயகி ஜெயித்தால், அதுவரை அவள் பட்ட பாட்டுக்கு மதிப்பில்லாமல் போகிறது. அது தவிர்க்கவே முடியாதது என்றால் இரண்டாம் பாகத்தில் சிறு தடயம் இருக்க வேண்டும்; பழைய அத்தியாயங்களைத் திருத்த இணையத்தில் வசதி இருக்கிறது, திருத்தினால் வாசகர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

முக்கோணக் காதலில் தோற்பவனுக்கு 15ஆம் அத்தியாயத்துக்குள் சொந்தமாக ஒரு வேலை கொடுங்கள். கூட்டத்தைக் காப்பது, அண்ணனைத் தேடுவது, எதுவானாலும் சரி. கடைசி நேரத்தில் ஒரு புதுப் பெண்ணைக் கொண்டுவந்து அவனுக்கு ஜோடி சேர்த்தால் அவனுக்காகப் படித்த பாதிப் பேர் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

குரலை மாற்றுவதானால் முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் மாற்றுங்கள். நாயகி இறக்கப்போவதால் 28இல் திடீரென நாயகன் பேச ஆரம்பித்தால், முதல் வரியிலேயே வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

உச்சக்கட்டத்தை 26, 27இல் முடித்து, மீதியை இழந்தவர்களுக்குக் கொடுங்கள். யார் புதைத்தார்கள், வீட்டுக்கு யார் தகவல் சொன்னார்கள் என்பதெல்லாம் அங்கே வரட்டும். பின்கதை எழுதினால் 1500 வார்த்தைக்குள் நிறுத்துங்கள். இறந்த நண்பனின் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் காட்சி பல தொடர்களில் வந்து தேய்ந்துவிட்டது, உங்களுக்கு அது வேண்டாம்.