ஏட்ரியன் ரிச்சின் காதல் கவிதைகளை லெஸ்பியன் பெண்ணியத்தோடு சேர்த்துப் படிப்பது ஏன்?

பெண்களுக்கு இடையிலான காதலை ஆணாதிக்கத்துக்கு எதிரான அரசியலாகவும் பார்ப்பது லெஸ்பியன் பெண்ணியம். காதல் கவிதைக்குள் அந்த அரசியலைத் தேட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கவிஞர் ரிச்சைப் பொறுத்தவரை தேட வேண்டியதே இல்லை. இரு பெண்களின் காதலைச் சொல்லி 1976இல் சிறுநூலாக வந்த ‘இருபத்தொரு காதல் கவிதைகள்’, ஆபாசப் படங்கள் ஓடும் திரைகள் நிறைந்த நகரத்தில்தான் தொடங்குகிறது. அந்த அசிங்கங்களிலிருந்தும், ஆறு மாடி உயரத்துச் சன்னல் விளிம்பில் அபாயமாய்ச் சுடரும் சிவப்புப் பிகோனியாவிலிருந்தும் இவ்விரு பெண்களின் வாழ்வைப் பிரிக்க முடியாது என்கிறது முதல் கவிதை. ஆணோடான உறவைப் பெண்ணுக்குக் கட்டாயமாக்கும் சமூக ஏற்பாட்டை ரிச் கட்டுரையாக விளக்கியது 1980இல்தான், கவிதை முந்திக்கொண்டது. உடல் நெருக்கத்தை வெளிப்படையாகப் பேசும் கவிதைக்கு மட்டும் எண் இல்லை. பதினான்காவதற்கும் பதினைந்தாவதற்கும் இடையில் அது மிதக்கிறது. எது நேர்ந்தாலும் காதலியின் உடல் தன்னைத் தொடரும் என்று சொல்லும் அக்கவிதை, பிரிவை நோக்கி நகரும் வரிசைக்கு வெளியே நிற்பது மிகப் பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது.