கனடாவிலிருந்து வந்த மூளைக் குளிசை

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நாலு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்தது. வலது கை இன்னும் சரிவரவில்லை, சொற்களைத் தேடித் தேடிக் கதைக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா சிற்றிக்கோலின் குளிசை அனுப்பியிருக்கிறார். அதைத் தொடங்கினால் பிரஷர் குளிசையைக் குறைக்கலாமா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: பிள்ளை, பிரஷர் குளிசையை நீங்களாகக் குறைக்கவே வேண்டாம். மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

சிற்றிக்கோலின் எங்கள் உடம்பே நாளாந்தம் செய்துகொள்ளும் பொருள்தான். மூளையின் ஒவ்வொரு கலத்தையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதில் ஒரு முக்கிய பங்கு பொஸ்பற்றிடைல்கோலின் என்ற கொழுப்பு. முட்டை மஞ்சட்கரு, ஈரல் போன்றவற்றிலிருந்து கிடைக்கும் கோலின் என்ற சத்தை அந்தச் சவ்வில் சேர்ப்பதற்கு முதல் உடம்பு அதைச் சிற்றிக்கோலினாக மாற்றுகிறது. கெனடி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956 இல் இதைக் காட்டினார். ஞாபகத்துக்கு வேண்டிய அசற்றைல்கோலின் என்ற மூளை இரசாயனமும் அதே கோலினிலிருந்துதான் வருகிறது.

பாரிசவாதத்தில் இரத்தம் போகாத இடத்தில் இந்தச் சவ்வுகள் சிதைகின்றன. அப்ப, சிற்றிக்கோலினைக் கொடுத்தால் திருத்தலாம்தானே? நியாயமான எண்ணம். விலங்குகளில் நல்ல பலனும் தெரிந்தது. ஆனால் ஸ்பெயின், போர்த்துக்கல், ஜேர்மனி மூன்றிலும் 2,298 நோயாளரை வைத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2012 இல் வந்தது. 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, நாளுக்கு 2,000 மில்லிகிராம் வீதம் 6 கிழமை கொடுத்தார்கள். 90 நாளில் பார்த்தால், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களைவிட இவர்கள் கூடத் தேறவில்லை. நாலு மாதம் கழித்துத் தொடங்கும்போது பெரிதாக எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நஞ்சு இல்லை. சிலருக்கு வயிற்றுக் குழப்பம், தலையிடி, நித்திரைக் குறைவு வரலாம், அவ்வளவுதான். என் பயம் வேறு. கிளினிக்குக்கு வந்த ஒரு ஐயா பையைத் திறந்து மேசையில் கொட்டினார். வெளிநாட்டுப் போத்தல் பாதி முடிந்திருந்தது, பிரஷர் குளிசை அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. அன்று அவருடைய பிரஷர் 190. இரண்டாம் முறை பாரிசவாதம் வராமல் காப்பது அந்த அட்டைதான்.

அண்ணாவிடம் கோபிக்க வேண்டாம், தூரத்திலிருந்து அவரால் முடிந்தது அது. போத்தலை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். பிசியோதெரபியைத் தவறவிட வேண்டாம். அப்புறம், அப்பா சொல்லைத் தேடும்போது உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு நிமிடம் போனாலும் பரவாயில்லை, அவரே தேடி எடுக்கட்டும்.