சீருடையிலும் திரையிலும்: இளைஞர் தற்கொலைத் தடுப்பு குறித்த கேள்வி பதில்

இராணுவ மருத்துவப் பிரிவில் 22 ஆண்டுகள் மனநல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தற்கொலை முறைகளைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் இல்லை.

என் மகனுக்கு 19 வயது; பயிற்சி முகாமில் இருக்கிறான். நேற்று தொலைபேசியில், "நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும் அம்மா" என்றான். தற்கொலையைப் பற்றி நானே கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவேனோ?

விதைக்க மாட்டீர்கள் அம்மா. அந்த எண்ணம் இருப்பவனுக்கு, ஒருவர் பதறாமல் அதைக் கேட்பதே பெரிய ஆறுதல். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று இன்றே கேளுங்கள், அவன் பேசும்போது அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். "ஆம்" என்றால் இணைப்பைத் துண்டிக்காமல், வேறொருவரைக் கொண்டு அவனுடைய அதிகாரியிடம் சொல்லி, உடனிருக்க ஆள் வைக்கச் செய்யுங்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் மறைக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் (எண் 14416) எல்லா நேரமும் இயங்குகிறது. படையினருக்கெனவே அதன் தனிப்பிரிவு 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது.

எங்கள் இணைய விளையாட்டுக் குழுவில் ஒரு பையன் நள்ளிரவில் விடைபெறும் செய்தி போட்டான். என்ன செய்திருக்க வேண்டும்?

பொதுவில் வாதாடாமல், அவனுக்கு நெருக்கமான ஒருவர் தனியே பேச, மற்றவர்கள் அவனுடைய ஊரையும் வீட்டாரையும் தேடியிருக்க வேண்டும். இந்தியாவில் என்றால் அவசர உதவி எண் 112-ஐ அழைத்திருக்க வேண்டும். அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை வேறு குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். அதே வயதில், அதே மனநிலையில் அதைப் படிக்கும் இன்னொருவனுக்கு அது வழிகாட்டியாகிவிடும்.

ஓய்வு பெற்ற ஹவில்தார் நான். ஆயுதத்தை எட்டாமல் வைத்தால் போதும் என்கிறார்கள். சாகத் துணிந்தவன் வேறு வழி தேட மாட்டானா, டாக்டர்?

இந்த நம்பிக்கைதான் நம் படைகளில் பல உயிர்களைக் காவு வாங்குகிறது, ஐயா. இஸ்ரேலியப் படையில் 18 முதல் 21 வயது வரையுள்ள கட்டாயச் சேவை வீரர்கள் வார இறுதியில் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவது வழக்கமாக இருந்தது. 2006-இல் அதை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று விதி மாறியது. அதன்பின் தற்கொலைகள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன; குறைவு பெரும்பாலும் வார இறுதிகளில்தான், வார நாள்களில் சொல்லத்தக்க மாற்றமில்லை. எல்லாரும் வேறு வழி தேடியிருந்தால் மொத்த எண்ணிக்கை ஏன் குறைந்தது? சாகும் உந்துதல் பலருக்குச் சிறு பொழுதில் ஏறி இறங்கிவிடுவது. அந்தப் பொழுதில் கைக்கு எட்டுவது எது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

ஹவில்தார்: துப்பாக்கியை வாங்கிக்கொண்டால் சிப்பாய்க்கு அவமானம் அல்லவா? பிறகு எவன் வாய் திறப்பான்?

நியாயமான கேள்வி. எல்லார் முன்னிலையிலும் பறித்தால் அவமானம்தான். கால் முறிந்தவனுக்கு ஓட்டப் பயிற்சியிலிருந்து விலக்குக் கொடுக்கிறோம், அதை எவரும் இழிவாகப் பார்ப்பதில்லை. ஆயுதப் பணியிலிருந்து சில வாரம் மாற்றுவதும் அப்படி அமைதியாக நடக்க வேண்டும், குணமானதும் திரும்பக் கொடுக்க வேண்டும். இஸ்ரேலில் விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் யாரும் தனியே சுட்டப்படவில்லை.

மனநல சிகிச்சை எடுத்தவர் படையில் சேரலாமா?

ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள், என் துறையன்று.

நேரடியாகக் கேட்டால் தூண்டிவிடுமோ?

முதல் பதிலைப் படியுங்கள்.

நீலத் திமிங்கில விளையாட்டுதானே காரணம்?

இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டும் இணைய விளையாட்டு என்று 2017-இல் கிளம்பிய பீதி அது. எந்த மரணத்திலும் அதன் பங்கை உறுதிப்படுத்த முடியவில்லை என்று அரசே பின்னர் நாடாளுமன்றத்தில் கூறியது. ஒற்றைக் காரணம் தேடுவதை விடுங்கள்.

தூண்டிவிடாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

மூன்றாம் முறை கேட்கிறீர்கள். தூண்டிவிடாது. இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

ஹவில்தார்: என் அண்ணன் மகன் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருக்கிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை, உறங்குவதில்லை. வீட்டில் உரிமத் துப்பாக்கி ஒன்று உள்ளது.

தேர்தல் காலத்தில் ஒப்படைப்பதுபோல் அதை இன்றே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். இரவு அவனோடு ஒரே அறையில் படுங்கள். முதல் கேள்வியில் அந்த அம்மாவை அவர் மகனிடம் கேட்கச் சொன்னதை நீங்களும் இவனிடம் கேளுங்கள். காலையில் மருத்துவரிடம் சேர்ந்தே போங்கள்.