16 வீரர்களில் யாரை நீக்குவது?

வணக்கம். என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) விதிப்படி நடத்தும் உங்கள் லீக்கில் அணியில் 16 பேர் இருக்கிறார்கள், ஆண்டுக்கு 1.2 கோடி டாலரில் 2 வருடம் பாக்கியுள்ளவரை நீக்கினால் வரி (மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டுவது) குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உத்தரவாத ஒப்பந்தம் என்றால், ஆளை அனுப்பினாலும் சம்பளம் அணியின் கணக்கில் நிற்கும். 48 மணி நேர வேய்வரில் (நீக்கிய வீரரை அதே ஒப்பந்தத்தோடு மற்ற அணிகள் கேட்டு எடுக்கும் அவகாசம்) வேறு அணி எடுத்தால்தான் சுமை போகும். இவ்வளவு பெரிய தொகையை எடுப்பது அபூர்வம்.

ஆகஸ்ட் 31-க்குள் நீக்கினால் பாக்கிச் சம்பளத்தை 5 வருடத்துக்குப் பிரித்து நீட்டலாம்: ஆண்டுக்கு 48 லட்சம். 2025-இல் மில்வாக்கி அணி, தன் வீரர் டேமியன் லில்லார்டுக்கு இதைத்தான் செய்தது. அவர் போய்விட்டார், ஆண்டுக்குச் சுமார் 2.25 கோடி டாலர் அணியின் கணக்கில் நிற்கிறது. செப்டம்பர் 1 முதல் என்றால் இந்த வருடச் சம்பளம் முழுசாக நிற்கும், அடுத்த வருடத்துடையதை மட்டுமே 3 ஆகப் பிரிக்க முடியும்.

சரி, நானாக இருந்தால் உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தக்காரரை நீக்கி, அணியின் வரம்பான 15-க்கு வருவேன். சீசன் நடுவில் என்றால் அதை ஜனவரி 7-க்குள் முடிக்க வேண்டும். 10-ஆம் தேதி அந்த ஒப்பந்தங்கள் உறுதியாகிவிடும். வரியைச் சீசன் முடிவில் இருக்கும் சம்பளத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் அந்த 1.2 கோடி வீரரை பிப்ரவரி டிரேட் (அணிகளுக்குள் வீரர் பரிமாற்றம்) கெடுவுக்குள் வேறு அணிக்கு மாற்றிவிடப் பாருங்கள்.