புதுக் கோழி வாங்குகிறீர்களா? முதலில் மூக்கைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் ஐந்து நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. சந்தையில் ‘முட்டையிடும் நாட்டுக்கோழி’ என்று சொன்னதை நம்பி மூன்று பெட்டைகளை வாங்கி அன்றே கூட்டில் விட்டோம். பழைய கோழிகள் விடாமல் கொத்துகின்றன. ஒன்றுக்குத் தலையில் ரத்தம். என்ன செய்வது?

பதில்: ரத்தம் வந்த கோழியை இப்போதே வெளியே எடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் சேர்ந்து அதே இடத்தில் கொத்தும், விட்டுவைத்தால் பிழைக்காது. காயத்தை மஞ்சள் கலந்த நீரில் கழுவுங்கள். ஈ மொய்க்காமலிருக்க, காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவுங்கள்.

அடுத்து, மூன்றின் மூக்கையும், அதாவது அலகையும், உற்றுப் பாருங்கள். மேல்மூக்கு மொட்டையாகவும் கீழ்மூக்கு நீண்டும் இருந்தால், அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணையில் கழித்த கோழிகள். அங்கே ஒன்றையொன்று கொத்தாமலிருக்க, குஞ்சாக இருக்கும்போதே மூக்கைச் சுட்டு வெட்டிவிடுவார்கள். சுமார் ஒன்றரை வயதில் முட்டை குறைந்ததும் கழித்து விற்பார்கள். பழுப்பு நிறத்தில் இருந்தால் நாட்டுக்கோழி என்று தள்ளிவிடுவது சுலபம். வெட்டுப்பட்ட மூக்கால் திருப்பிக் கொத்தவும் முடியாது, மண்ணில் சிதறிய தானியத்தைப் பொறுக்குவதும் கஷ்டம். இவற்றுக்குத் தீவனத்தை ஆழமான தட்டில் வையுங்கள்.

எந்தக் கோழியாக இருந்தாலும் 21 நாள் தனியே வைப்பது கட்டாயம். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயின் கிருமி உள்ளே புகுந்து நோயாக வெளிப்பட இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். சந்தையில் துள்ளிய கோழி பத்தாம் நாள் பச்சையாகக் கழிவது இதனால்தான். நீங்கள் ஏற்கெனவே கலந்துவிட்டதால் இரண்டு கூட்டத்தையும் கவனியுங்கள். எப்போதும் பழைய கோழிகளுக்கு முதலில் தீனி, புதியவற்றுக்குக் கடைசியில். செருப்பும் தண்ணீர்க் கிண்ணமும் தனித்தனி. இரவில் டார்ச் அடித்து இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் செள்ளு, பேன் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் வாரம் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள்.

21 நாள் கழிந்ததும் பழைய கோழிகள் மேயும் இடத்திலேயே கம்பிவலைத் தடுப்பு போட்டு, அதற்குள் புதியவற்றை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை விடுங்கள். பார்க்கலாம், கொத்த முடியாது. பிறகு ஒரு நாள், நன்றாக இருட்டியபின் மூன்றையும் சேர்த்தே தூக்கி உட்காரும் கம்பில் வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் விட்டால் எல்லாக் கொத்தும் அதற்கே விழும். மறுநாள் விடிந்தவுடன் கூட்டைத் திறப்பது முக்கியம். அடைத்தபடி விட்டால் ஓட இடமிருக்காது. தீனியை ஆறடி இடைவெளியில் மூன்று இடத்தில் வையுங்கள். சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் ஒளிய இடம் கிடைக்கும்.

நாலைந்து நாள் விரட்டலும் கொத்தலும் இருக்கத்தான் செய்யும். யார் பெரியவர் என்று தீர்மானமாகும் வரை ஓயாது. ரத்தம் வராதவரை நடுவில் புகாதீர்கள். ஆனால் அடையும் நேரத்தில் புதிய கோழியின் கழுத்தடியைத் தொட்டுப் பாருங்கள். தீனிப்பை எலுமிச்சம்பழம்போல உருண்டு தட்டுப்பட்டால் சாப்பிட்டிருக்கிறது. இரண்டு நாள் தொடர்ந்து தட்டையாக இருந்தால் பட்டினி. மறுபடி தடுப்புக்குள் விடுங்கள்.

கேள்வி: நாலடி நீளம், இரண்டடி அகலமுள்ள கூண்டு ‘10 முதல் 12 கோழிகளுக்கு’ என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் எட்டுச் சதுரஅடி. பகலில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் கோழிக்கே தலைக்கு இரண்டு சதுரஅடி வேண்டும். ஆக நான்கு கோழி. பகலும் உள்ளேதான் என்றால் அதுகூட நெரிசல். நெரிசல் வந்தால் கொத்தலும் வரும்.

வலையின் கேஜ், அதாவது கம்பியின் தடிமனைக் காட்டும் எண், என்னவென்று கேளுங்கள். எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 18 கேஜைவிட 14 கேஜ் தடிமன். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, நாயையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை)தான் சரி. கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும். தரையும் கம்பியாக இருந்தால் கால் புண்ணாகும். பலகை போட்டு, மேலே இரண்டு அங்குலம் உமியோ கடலைத் தோலோ பரப்புங்கள்.

கேள்வி: ஒரு மாதக் குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடலாமா?

பதில்: தாய்க்கோழி கூட இல்லையென்றால் வேண்டாம். மூன்றரை, நான்கு மாதமாகி உடம்பு ஈடுகொடுக்கும் வரை பொறுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒன்றாக விட்டபிறகு எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தானே தேடித் தின்னும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கோழிகள் மூன்றாம் நாளே செத்தன. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஆதாரம் இருந்தால் கேட்கலாம். பில், பணம் அனுப்பிய விவரம், பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோ ஆகியவற்றோடு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘நீங்கள் சரியாக வளர்க்கவில்லை’ என்றுதான் விற்றவர் சொல்வார். அதற்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் பதில். செத்த கோழியைப் புதைக்காமல் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறையவைக்காதீர்கள், திசு சிதைந்து, காரணம் கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும்.