முள் கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. போனைப் பார்த்து மணி சொல்லிவிடுவான், சுவர்க் கடிகாரத்தைக் காட்டினால் திருதிருவென்று விழிக்கிறான். மணி பார்க்கப் பழக்குவதற்கென்றே விற்கும் பொம்மைக் கடிகாரம் வாங்கலாமா? இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: எதற்கு என்பதை முதலில் முடித்துவிடலாம். போனில் 7:50 என்று பார்த்தால் எட்டு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை மனதில் கழித்துப் பார்க்க வேண்டும். முள் கடிகாரத்திலோ மிச்சம் இருக்கும் பத்து நிமிடம் கண்ணுக்கு எதிரே இடமாகவே தெரிகிறது, கணக்கே வேண்டாம். 2018இல் பிரிட்டனில் சில பள்ளிகள், பிள்ளைகளுக்கு முள் பார்க்கத் தெரியவில்லை என்று தேர்வு அறைகளில் டிஜிட்டல் கடிகாரம் வைத்ததாகச் செய்தி வந்தது. நேரம் எவ்வளவு மிச்சம் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டிய இடமே அதுதான், அங்கேயே முள்ளை எடுத்துவிட்டார்களே என்று எனக்கு நிஜமாகவே வருத்தம். அதனால் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

சரி, பொம்மைக் கடிகாரம். இவற்றில் பலவற்றில் இரண்டு முள்ளும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகச் சுற்றும், வினையே அங்கேதான். பிள்ளை சின்ன முள்ளை நேராக 3இல் வைத்து, பெரிய முள்ளை 6இல் வைத்து மூன்றரை என்று பழகிவிடுவான். நிஜக் கடிகாரத்தில் மூன்றரைக்குச் சின்ன முள் 3க்கும் 4க்கும் நட்டநடுவில் அல்லவா நிற்கும்? அதைப் பார்த்ததும் குழம்பிப்போவான். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெரிய முள்ளை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், சின்ன முள் தானாகவே ஒரு எண் தள்ளிப்போனால் உள்ளே பல்சக்கரம் இருக்கிறது, வாங்கலாம், இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

என்னைக் கேட்டால் பொம்மையே வேண்டாம், சாதாரண சுவர்க் கடிகாரம் ஒன்று போதும். பின்னால் நேரம் திருத்தும் திருகைச் சுற்றினால் இரண்டு முள்ளும் சேர்ந்தே நகரும், இதைவிட நல்ல பாடக் கருவி இல்லை. டயலில் 1 முதல் 12 வரை எல்லா எண்ணும் இருக்க வேண்டும், 12, 3, 6, 9 மட்டும் போட்டது அழகாக இருக்கும், பழகுகிறவனுக்கு ஆகாது. ரோமன் எண்ணும் இப்போதைக்கு வேண்டாம். அறுபது நிமிடக் கோடுகளும் தெளிவாகத் தெரிய வேண்டும், பெரிய முள் அந்தக் கோடு வரைக்கும் நீள வேண்டும், சின்ன முள் பார்த்தவுடனே குட்டை என்று தெரிய வேண்டும். வெள்ளை டயலில் வெள்ளி முள் வைத்தது வேண்டவே வேண்டாம். படுக்கையறையில் மாட்டுவதானால் டிக் டிக் சத்தம் இல்லாமல் வினாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

பழக்கும்போது எடுத்தவுடன் நிமிடத்துக்குப் போக வேண்டாம். சில நாள் சின்ன முள்ளை மட்டும் கேளுங்கள்: எதைத் தாண்டிவிட்டது, எதை இன்னும் தொடவில்லை? பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது 7:50இல்தான், சின்ன முள் 8ஐ ஒட்டிக்கொண்டு நிற்பதால் எட்டு ஐம்பது என்பார்கள். இன்னும் எட்டைத் தொடவில்லை பார் என்று காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஐந்தாம் வாய்பாடு தெரிந்த பிள்ளைக்கு நிமிடம் சிரமமே இல்லை.

கேள்வி: ஸ்மார்ட் வாட்சிலேயே முள் டயல் வைத்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் கொஞ்சம் கஷ்டமாக இருந்தால் உடனே எண் டயலுக்கு மாற்றிக்கொள்வான், எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். சுவர்க் கடிகாரம் பழகிய பிறகு சாதாரண முள் வாட்ச் ஒன்று கட்டிவிடுங்கள். பிள்ளைகள் வாட்சில் டயல் முழுக்கப் பொம்மைப் படம் போட்டு எண்ணை மறைத்திருப்பார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, பின்புறம் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் தண்ணீருக்குள் அத்தனை ஆழம் போகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலுக்குப் போகிற பிள்ளை என்றால் 100 மீட்டர் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.