காரைக்குடியிலிருந்து மாஸ்கோ வரை: கன்டெய்னர் கேள்வி பதில்

கப்பல், ரயில், லாரி என்று மாறி மாறிப் போகும் கன்டெய்னர் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். காரைக்குடி சுற்றுவட்டாரத்திலிருந்தே நிறைய வந்திருக்கிறது. என் தொழில் சரக்கு அனுப்புவது மட்டும். வரிக் கேள்விகளை ஆடிட்டரிடம் கொண்டுபோங்கள்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: 20 அடி கன்டெய்னர் நிறைய டைல்ஸ் மாஸ்கோவுக்கு அனுப்பணும். எந்த வழி அண்ணே?

நிறைய ஏற்ற முடியாது தம்பி. உள்ளே 33 கனமீட்டர் இடம் இருக்கும். சிமென்ட் கல் கனமீட்டருக்கு இரண்டு டன்னைத் தாண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே 25 டன் பக்கம் வந்துவிடும். பெட்டியோடு சேர்த்து 30,480 கிலோ உச்சம் என்றாலும், வழியில் லாரிக்கான வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். புக்கிங்குக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கல்லைப் படுக்கப் போடாமல் நிற்க வைத்து, கண்ணாடியில் வார்த்த பளபளப்பு முகத்துக்கு முகம் காகிதம் கொடுத்து அடுக்குங்கள். எடை தரை முழுக்கப் பரவட்டும். முட்டுக் கொடுக்கும் மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்கணும்.

வழி: மும்பைப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ், தரை வழியாக ஈரானின் வடக்குத் துறைமுகமான அன்சாலி, காஸ்பியன் கடலில் மறுபடி கப்பல், ரஷ்யாவின் அஸ்திரகான், பிறகு ரயில். 2000-ல் இந்தியா, ஈரான், ரஷ்யா ஒப்பந்தம் போட்ட 7,200 கி.மீ. பாதை இது.

ஆனால் வழியைவிட முக்கியமான ஒன்று: சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் பி.எல். (பில் ஆஃப் லேடிங்) காகிதத்தில் ‘பிளேஸ் ஆஃப் டெலிவரி’, அதாவது சரக்கு ஒப்படைக்கும் இடம், என்ற கட்டத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே பந்தர் அப்பாஸ் என்று இருந்தால், அதற்கப்பால் கல் உடைந்தாலும் பெட்டி தொலைந்தாலும் அந்தக் காகிதத்தைக் கொடுத்தவர் பொறுப்பில்லை. வீட்டு வாசல் வரை ஒரே ஆள் பொறுப்பேற்கும் பல்வழிப் போக்குவரத்து ஆவணத்துக்கு 1993 சட்டமே இருக்கிறது. அதில் பதிவு செய்தவரிடம் போங்கள்.

தேவகோட்டை: மும்பை–மாஸ்கோ நேரடி ரயிலே வந்தாச்சுன்னு வாட்ஸ்அப்பில் வந்ததே?

வரவில்லை.

கானாடுகாத்தான்: எப்படி வரும்? தண்டவாள அகலம் வேற. அது நடக்காத காரியம்.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நமக்கு 1,676 மி.மீ., ஈரானுக்கு 1,435, ரஷ்யாவுக்கு 1,520. உண்மைதான். ஆனால் கன்டெய்னருக்கு அகலம் ஒரு பொருட்டே இல்லை. சீனாவிலிருந்து ஐரோப்பா போகும் ரயிலைப் பாருங்கள்: சீன–கஜக் எல்லையில் கோர்கோஸில் கிரேன் பெட்டியை 1,435 வண்டியிலிருந்து தூக்கி 1,520 வண்டியில் வைக்கிறது. போலந்து எல்லையில் மறுபடி மாற்றுகிறார்கள். ஒரு பெட்டிக்குச் சில நிமிடம். வண்டி கிடைக்காமலும் காகிதம் சரியில்லாமலும் நிற்பதில்தான் நாள் போகிறது. நமக்கு உண்மையான தடை, பாகிஸ்தான் வழியாக மேற்கே சரக்குப் போகாது என்பது. அதனால் முதல் அடி கடலில்தான்.

தேவகோட்டை: அஸ்தாரா வரை பாதை போட்டதை நானே வீடியோவில் பார்த்தேன்.

காஸ்பியனில் கப்பல் ஏறாமல் ஈரானிலிருந்து அஜர்பைஜான் வழியாக ரஷ்யா போக ஒரு ரயில் பாதை போடுகிறார்கள். நீங்கள் பார்த்தது அதில் 2018-ல் திறந்த எல்லைத் துண்டு. எல்லைக்கு இருபுறமும் அஸ்தாரா என்றே ஊர் உண்டு. அஜர்பைஜான் அஸ்தாராவிலிருந்து ஈரான் அஸ்தாராவுக்கு. தெற்கே இருந்து ரஷ்த் வரை 2019-ல் ரயில் வந்தது. நடுவில் ரஷ்த்–அஸ்தாரா 162 கி.மீ. பாக்கி. அதைப் போட ரஷ்யாவும் ஈரானும் 2023 மே மாதம்தான் கையெழுத்திட்டன. அதுவரை அந்த இடைவெளிக்கு லாரி. லாரி என்றால் இரண்டு முறை ஏற்றி இறக்கல். கல் உடைவது அங்கேதான்.

கானாடுகாத்தான்: அப்ப நான் சொன்னதுதானே சரி?

இல்லை அண்ணே. அந்தப் பாதை முடிந்தாலும் அஜர்பைஜான் எல்லையில் அகலம் மாறும், கிரேன் தூக்கும், சரக்குப் போகும். நடக்கும் காரியம்தான்.

கோட்டையூர் ஆச்சி: சீப்புச்சீடை, முறுக்கு இந்த வழியில் போகுமா?

குளிர்காலத்தில் வேண்டாம் ஆச்சி. நம்மூர் ஈரக்காற்றோடு மூடிய பெட்டி குளிரும் இடத்துக்குப் போனால், உள்கூரையில் தண்ணீர் கோத்துச் சொட்டும். அட்டைப்பெட்டி நனையும், சீடை நமுத்துப்போகும். ஈரம் உறிஞ்சும் பைகளைக் கட்டாயம் தொங்கவிடச் சொல்லுங்கள். ஏற்றுவதற்கு முன் ஒருவரை உள்ளே நிற்க வைத்துக் கதவைச் சாத்துங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அது ஓட்டை. அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் பி.எல்.லிலும் கடைசி ஊரைப் பாருங்கள்.

காரைக்குடி: முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய நிலைக்கதவு, ஜெர்மனிக்கு?

நூறு வருடம் தாண்டிய சிற்ப வேலைப்பாடு 1972 தொல்பொருள் சட்டப்படி போகவே கூடாது. அவ்வளவு பழசில்லை என்றால் தொல்லியல் துறையிடம் சான்று வாங்குங்கள். வாங்காமல் என்னிடம் வராதீர்கள்.

பள்ளத்தூர்: எத்தனை நாள் ஆகும்?

சீனா–ஐரோப்பா ரயிலுக்கு இரண்டு, மூன்று வாரம். ஈரான் வழிக்கு 25 நாள் என்று விளம்பரம் செய்கிறார்கள். வாங்குபவரிடம் அந்தத் தேதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

புதுவயல்: எத்தனை நாள் ஆகும் அண்ணே?

மேலே பாருங்கள்.

கண்டனூர்: பர்மா தேக்கைத் தரைவழியில் கொண்டுவரலாமா?

மரம் என் துறை இல்லை. வன அனுமதி தெரிந்தவரிடம் கேளுங்கள். மணிப்பூர் எல்லையில் பர்மாவுக்குப் போகும் மோரே சாலையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆத்தங்குடி, மறுபடியும்: ஈரான் வழிக்கு ரேட் சொல்லுங்க.

ரேட்டுக்கு முன் உங்கள் வங்கி. ஈரான் தொட்ட ஆவணத்துக்குப் பணம் வாங்கித் தருமா, இன்சூரன்ஸ்காரர் பாலிசி கொடுப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். பொருளாதாரத் தடை உள்ள வழி அது. இரண்டில் ஒன்று ‘இல்லை’ என்றால் ஈரான் வழியை மறந்துவிட்டு ரஷ்யத் துறைமுகம் வரை கடல் வழியில் போங்கள். செங்கடலில் கப்பல்களைத் தாக்கும் தொல்லையால் சில கப்பல் நன்னம்பிக்கை முனை சுற்றிப் போகலாம். கூடுதலாக ஒன்றரை வாரம் கணக்கு வையுங்கள். இரண்டும் ‘சரி’ என்றால் எடை, பேக்கிங் படம், வாங்குபவரின் ஊர் மூன்றையும் அனுப்புங்கள், ரேட் தருகிறேன்.